ஆறைங்காதம்: காவிரிக் கரையில் ஒன்பது நாட்கள்

மார்ச் 24 – கல்லணை, திருவையாறு

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை, காவிரிக் கரையை விட்டு அதிகம் விலகாமல் மிதிவண்டியில் போக வேண்டும் என்பது என்னுடைய மூன்று ஆண்டு ஆசை. 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்; பழகியவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். நான் ஐந்து நாட்கள் ஒதுக்கியிருந்தேன். காலை பத்து மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட்டு, மிச்சப் பொழுதில் அந்தந்த ஊரில் நிழல் பார்த்து உட்கார்ந்து, இந்த ஆற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றை இதன் கரையிலேயே படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தை மட்டும் உரையோடு அச்சிட்ட மெல்லிய பதிப்பு. மற்றொன்று, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’.

பங்குனியில் ஆற்றில் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடி ஜூன் 12-ஆம் தேதி திறப்பதுதான் வழக்கம் என்பதால், கல்லணைக்குக் கீழே மணலும் நாணலும் கொக்குகள் நிற்கும் சில குட்டைகளுமே கண்ணில் பட்டன. வெயில் எட்டு மணிக்கே முதுகில் உறைத்தது. திருவையாற்றில் அசோகா வாங்கினேன். பயத்தம்பருப்பும் கோதுமையும் நெய்யில் குழைந்து, வாய்க்குள் போனதும் கரைந்துவிடும் இனிப்பு. கடைக்காரர் சிறு வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுத்து, “முதல்ல ருசி பாருங்க, பிடிச்சா வாங்குங்க” என்றார். ருசி பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. பிறகு நான் வாங்கிய கால் கிலோவுக்குத்தான் வாங்கினார்.

மார்ச் 25 – கபிஸ்தலம் போகும் வழி

திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்கு வடகரையோரமாகக் கணபதி அக்கிரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாக ஒரு சாலை போகிறது. இரு பக்கமும் வாழையும் மூங்கிலும் நிற்கும் இந்தச் சாலைக்காகத்தான் நான் நெடுஞ்சாலையைத் தவிர்த்தேன். சம்பா அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சியிருக்கும் ஈரத்திலேயே விளைந்த உளுந்தை இப்போது பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த செடிகளைச் சாலையின் பாதியில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் பட்டு நெற்று உடைந்து உளுந்து உதிரும். டெல்டாக்காரர்களுக்கு இது பழகிய காட்சி.

எதிரே பேருந்து வந்ததால் நான் ஓரம் ஒதுங்கிச் செடிகளின் மேல் ஏறினேன். மெல்லிய டயருக்கு அடியில் காய்ந்த தண்டுகள் உருளும் என்பது தெரிந்து வேகத்தைக் குறைத்துத்தான் இருந்தேன். ஆனால் அந்தச் செடிகளுக்கு அடியில் சாலையில் ஒரு குழி இருந்தது. முன்சக்கரம் அதற்குள் இறங்கியது. நான் வலத்தோள் தரையில் அடிபட விழுந்தேன். தலைக்கவசத்தில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று மரக்குச்சி முறிவதைப் போல முறிந்த ஓசையை நான் காதால் கேட்டேன்.

உளுந்தைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, “தம்பி, அசையாதீங்க, கையைத் தூக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, என் கையை மார்போடு அணைத்துக் கட்டினார். எங்கே கற்றாரோ தெரியாது. பிறகு மருத்துவமனையில் அந்தக் கட்டைப் பார்த்த செவிலியர், சரியாகக் கட்டியிருக்கிறார்கள் என்றார். வாழைத்தார் ஏற்றிப்போன குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றை நிறுத்தி, தார்களை ஒதுக்கி, என்னையும் மிதிவண்டியையும் ஏற்றினார்கள். ஓட்டுநர் கும்பகோணம் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் “சார், தடை வருது” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். பணம் நீட்டியபோது என் பையின் ஜிப்பை அவரே இழுத்து மூடிவிட்டுப் போனார்.

காரை எலும்பு முறிந்திருந்தது. கையை உடம்போடு இணைக்கும் எலும்பு அது ஒன்றுதான் என்பதால், தோளில் வாங்கும் அடி முழுவதும் அதன் வழியாகத்தான் மார்பெலும்புக்குப் போகிறது என்று மருத்துவர் விளக்கினார். பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் முறியுமாம், எனக்கும் அங்கேதான். முனைகள் அதிகம் விலகாததால் அறுவை தேவையில்லை. மாவுக்கட்டும் இதற்குப் போடுவதில்லை. தூளியில் கையைத் தொங்கவிட்டு, விரல்களையும் மணிக்கட்டையும் மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் போதும். எத்தனை நாள் என்று கேட்டேன். “ஆறு வாரம்தான்” என்று புன்னகையோடு சொன்னார்.

மார்ச் 26 – கும்பகோணம்

ஒரு வாரம் கழித்து மறுபடியும் எக்ஸ்ரே பார்க்க வேண்டும், அதுவரை குலுங்கும் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதியில் தங்கினேன். வாடகை நாளுக்கு 650 ரூபாய். முதல் மாடி, சன்னலுக்கு வெளியே வேப்ப மரம். மிதிவண்டியை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார் மேலாளர். பின்சக்கரப் பல்லில் சுற்றியிருந்த உளுந்துத் தண்டுகளை அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.

அடிபட்டது வலக்கை. சட்டைப் பொத்தானையும் பற்பசை மூடியையும்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் இடக்கையை இலைக்குக் கொண்டுபோவது, சிறு வயதிலிருந்து பழகிய உடம்புக்கு எளிதில் ஒப்பவில்லை. தெருமுனை ஓட்டலில் இட்லியைப் பார்த்தபடி தயங்கிக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, இட்லிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின் மேல் கடப்பாவை ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கும்பகோணத்துக் கடப்பாவை நான் முன்பும் சாப்பிட்டிருக்கிறேன். இத்தனை நன்றியோடு சாப்பிட்டதில்லை. இட்லியும் காபியும் சேர்த்து 70 ரூபாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் நான் உட்கார்ந்ததும் கரண்டி வந்துவிட்டது.

எதிரில் இருந்த பெரியவர் புத்தூர் கட்டுப் போட்டால் இருபது நாளில் கூடிவிடும் என்றார். அவருடைய அக்கறை உண்மையானது. மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 27 – கும்பகோணம்

படுத்துத் தூங்க முடியவில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடிதான் உறங்க வேண்டும். அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு ‘நடந்தாய் வாழி காவேரி’யை எடுத்தேன். புகார்க் காண்டத்தைக் காணவில்லை; விழுந்த இடத்தில் கைப்பிடிப் பையிலிருந்து சிதறியிருக்க வேண்டும்.

வலியோடு படிக்கும்போது ஒரு புத்தகத்தின் நடை உடம்பில் உறைக்கிறது. சிட்டியும் ஜானகிராமனும் காரில் போனவர்கள். குடகிலிருந்து கடல் வரை ஓர் ஆற்றின் முழு நீளத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு; அதற்குக் கார் தேவைதான். நின்ற இடத்தில் எல்லாம் மனிதர்களோடு பேசுகிறார்கள், பேச்சைக் கேட்கும் காது இருவருக்கும் அபாரமானது. இறங்கி நிற்கும் பக்கங்கள் உயிரோடு இருக்கின்றன. ஊரும் வரலாறும் அடுத்தடுத்து வந்துகொண்டேயிருக்கும் பக்கங்களில்தான் எனக்கு மூச்சு முட்டியது. இதை நலமாக இருந்தபோது ஒரே மூச்சில் படித்திருக்கிறேன். அப்போது அந்த விரைவு எனக்குக் குறையாகத் தெரியவில்லை. இன்று கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதே ஒரு பயணம் என்பதால், நடக்கிறவர்களின் புத்தகம் ஒன்று வேண்டியிருந்தது.

காலையில் இதைப் பேச்சுவாக்கில் மேலாளரிடம் சொன்னேன். மாலையில் அவர் வீட்டிலிருந்து துணிப்பையில் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வாங்கியது. தைப்பு விட்டுப்போய் மூன்று பாகமாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் சணல் கயிற்றால் தனித்தனியாகக் கட்டியிருந்தார். முழுப் புத்தகமாக இருந்திருந்தால் இடக்கையால் என்னால் தூக்கியிருக்கவே முடியாது. மூன்றில் ஒரு பங்கு மடியில் சரியாக அமர்ந்தது. பக்கம் புரளாமல் இருக்க எவர்சில்வர் தம்ளரை மேலே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 28 – கும்பகோணம்

இன்று முழுவதும் அறையை விட்டு இறங்கவில்லை. நாள் முழுக்க உ.வே.சா.வோடு நடந்தேன்.

ஏகாதசியன்று மறந்து வெற்றிலை போட்டுக்கொண்ட அரசர், அந்தப் பிழைக்குப் பரிகாரமாக அக்கிரகாரம் ஒன்றை அமைத்துத் தானம் செய்த கதையோடு நூல் தொடங்குகிறது. அப்படித் தோன்றிய உத்தமதானபுரம் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1855-இல் பிறந்தவர், 1940-இல் வார இதழில் தொடராக எழுதத் தொடங்குகிறார். 1942-இல் இறக்கும் வரை எழுதுகிறார். நூல் முடிவு பெறாமலே நிற்கிறது. எண்பத்தைந்து வயதில் ஒருவருக்குச் சிறு வயதில் யார் வீட்டில் என்ன உணவு கிடைத்தது, எந்த ஊருக்கு யாரோடு நடந்தார், வழியில் என்ன பாட்டுக் கேட்டார் என்பதெல்லாம் நினைவிருப்பது எனக்கு எப்போதுமே வியப்பு. பலரும் இந்த நூலைச் சுவடி தேடி அலைந்த பிற்பகுதிக்காகவே புகழ்கிறார்கள். எனக்கு முற்பகுதிதான் உயர்வாகப் படுகிறது. நல்ல ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்று மகனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் குடிபெயரும் தகப்பனாரும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் பாடம் தவறினாலும் தவித்துப்போகும் மாணவனும் அதில்தான் இருக்கிறார்கள். அம்மை கண்டு பாடம் கேட்க முடியாமல் கிடந்த நாட்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை முன்பு வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். இன்று அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். நோயின் உபாதையைவிடப் பாடம் தடைப்பட்டதையே அவர் பெரிய இழப்பாக எண்ணுகிறார்.

இந்த நூலைப் பற்றி எனக்கு ஒரு குறை இருந்தது. உதவி செய்தவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. சோறு போட்டவர், ஏடு கொடுத்தவர், வண்டி அனுப்பியவர் என்று ஒருவர் விடாமல் பெயரும் ஊரும் சொல்லப்படுகின்றன. சில அத்தியாயங்கள் இதனால் தேங்கி நிற்கின்றன என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்று பிற்பகல் அப்படி ஒரு பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது, துண்டை அவிழ்த்துக் கட்டிய அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை என்பது உறைத்தது. குட்டியானை ஓட்டுநரின் பெயரும் தெரியாது. என்னைத் தூக்கி ஏற்றிய இருவரின் முகம்கூடச் சரியாக நினைவில்லை. அந்தப் பெயர்களை எழுபது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து எழுதியவரிடம் நான் தேக்கம் என்று சொன்னது தவறு. அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 29 – கும்பகோணம்

காலையில் விடுதிக்கு இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வந்தார். உளுந்துக்கார அம்மாவின் மகன். மருத்துவமனையில் விசாரித்து விடுதியைக் கண்டுபிடித்திருக்கிறார். கையில் செய்தித்தாளில் சுற்றிய புகார்க் காண்டம். உளுந்தை வாரும்போது கிடைத்ததாம். “அம்மா கொடுத்துட்டு வரச் சொன்னாங்கண்ணே. பழைய புத்தகமா இருக்கு, தேடுவாங்கன்னாங்க” என்றார். கூடவே ஒரு டப்பாவில் பிரண்டைத் துவையல். எலும்பு கூட நல்லது என்று காலையிலேயே நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைத்தது. பிரண்டையைச் சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். இதில் அரிப்பு துளியும் இல்லை. பேருந்துக் கட்டணத்தையாவது வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன், மறுத்துவிட்டார். குழியை மறுநாளே செங்கல் ஜல்லி போட்டு அவர்களே மூடிவிட்டார்களாம். உளுந்தை அங்கே பரப்பியது தங்கள் தவறுதான் என்று அம்மா இரண்டு நாளாக வருந்துவதாகச் சொன்னபோது, பேருந்துக்கு ஒதுங்கியவன் நான், அவர் வருந்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். அவர் பெயர், தாயார் பெயர், குட்டியானை ஓட்டுநர் பெயர் எல்லாவற்றையும் கேட்டு, புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் இடக்கையால் எழுதிக்கொண்டேன். அரை மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 30 – கும்பகோணம்

புத்தகத்தின் நடுவே இரண்டு உளுந்து நெற்றுகள் இருந்தன. அவற்றை எடுக்காமல், புகார்க் காண்டத்தின் கடைசிப் பகுதியான நாடுகாண் காதையைப் பிரித்தேன்.

கோவலனும் கண்ணகியும் விடியும் முன்பே புகாரை விட்டு வெளியேறி, காவிரியின் வடகரையோடு மேற்கே நடக்கிறார்கள். நான் கிழக்கே போக நினைத்த அதே கரை. காதம் என்பது அந்தக் காலத்துத் தொலைவு அளவு. ஒரு காதம் நடந்ததும் கண்ணகி களைத்துப்போய், மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். ஆறைங்காதம், பக்கத்தில்தான் இருக்கிறது என்று கோவலன் சிரித்தபடி பதில் சொல்கிறான். ஆறு ஐந்து முப்பது காதம். கேட்கிறவளுக்கு ஆறோ ஐந்தோ காதம் போலவும் படும். நடக்கப் பழகாத ஒருத்தியிடம் உண்மையையும் சொல்ல வேண்டும், அவள் மனமும் தளரக் கூடாது. இந்த ஒரு சொல்லில் கோவலன் மேல் எனக்குக் கனிவு பிறந்துவிட்டது. இதற்கு முந்தைய காதைகளில் அவன் மேல் அது பிறந்ததே இல்லை. ஆறு வாரம்தான் என்ற மருத்துவரின் புன்னகையும் இந்த வகைதான்.

பிறகு கவுந்தியடிகள் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். சமணத் துறவியான அவர், வழியின் இடர்களை முன்கூட்டியே எடுத்துச் சொல்கிறார். கரையோரச் சோலை வழியே போனால், வள்ளிக் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த சண்பகப் பூக்கள் மூடிக் கிடக்கும். கவனியாமல் கால் வைப்பவர்கள் துன்பப்படுவார்கள். பூவை விலக்கி ஒதுங்கி நடந்தாலோ, தாழத் தொங்கும் முதிர்ந்த பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் தோட்டத்தில் பலாக்கொட்டைகள் பரல் போல உள்ளங்காலை உறுத்தும். ஆற்றங்கரையில் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அவற்றுக்கு நேரும் துன்பம் தாங்க முடியாதது.

பூ மூடிய குழி என்ற இடத்தில் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு நெடுநேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இந்தப் பகுதியைச் சோழநாட்டு வளம் பாடும் வருணனை என்று படித்தேன். உரைகளும் வளத்தை வியப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வளம்தான், ஐயமில்லை. ஆனால் இதை எழுதியவருக்கு இந்தக் கரையில் நடக்கிற கால் தெரிந்திருக்கிறது. விளைச்சல் மிகுந்த நிலத்தில் அந்த விளைச்சலே பாதையை மூடும் என்பது, மேலே நின்று பார்ப்பவருக்கு எட்டாது. பார்வையைத் தரையில் வைத்து நடந்தவருக்கே எட்டும். நாளுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்காமல், பல நாட்கள் தங்கித் தங்கிப் போனார்கள் என்று காதை சொல்கிறது. பயண இலக்கியம் என்று நாம் இன்று எழுதுபவற்றில் எத்தனை பேர் தங்கள் பாதத்தைப் பற்றி எழுதுகிறோம் என்று யோசித்தேன். என்னுடைய பழைய பயணக் குறிப்புகளில் தூரமும் வேகமும் இருக்கின்றன. சாலையின் மேற்பரப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 31 – கும்பகோணம்

மாலையில் திடீரென்று ஒரு கோடை மழை, இருபது நிமிடம். அதன் குளிர்ச்சியில் மெல்ல நடந்து, காவிரிக் கரையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரி வரை போனேன். 1880-இலிருந்து 1903 வரை உ.வே.சா. ஆசிரியராக இருந்த கல்லூரி. இதே ஊரில்தான், 1880 அக்டோபர் 21 அன்று, முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் சொல்ல, இதனால் என்ன பயன் என்பதுபோல அவர் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று விசாரிக்கிறார். அதுவரை கற்றதெல்லாம் ஒரு கேள்வியில் சிறுத்துப்போன அந்த நாளை அவர் மறைக்காமல், தேதியும் கிழமையும் குறித்து எழுதியிருக்கிறார். ஏழு ஆண்டு கழித்துச் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும் அவர் பதிப்பில் வெளிவந்தன. அந்தச் சிலப்பதிகாரத்தின் ஒரு பகுதிதான் உளுந்துக்கு அடியில் கிடந்து என்னிடம் திரும்பி வந்திருக்கிறது.

மணலில் மழை விழுந்த புள்ளிகள் இன்னும் காயவில்லை. பாதசாரி ஒருவர் குடையை மடக்கி, என் தோளில் யாரும் இடித்துவிடாதபடி பாலம் முடியும் வரை என் வலப்பக்கமாகவே நடந்துவந்தார்.

ஏப்ரல் 1 – கும்பகோணம், இரயில்

இரண்டாவது எக்ஸ்ரேயில் முனைகள் நகரவில்லை. இரயிலில் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. கரண்டி கொண்டுவந்து வைத்தவரின் பெயரைக் கேட்டேன். சொல்லிவிட்டு, எதற்கு என்று வியப்போடு நின்றார். எழுதிக்கொள்ள என்றேன். மிதிவண்டியை அனுப்பிவைக்க எவ்வளவு ஆகும் என்று மேலாளரிடம் விசாரித்தபோது, அது படிக்கு அடியிலேயே இருக்கட்டும், கை சரியான பிறகு வந்து கபிஸ்தலத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லி, ‘என் சரித்திர’த்தின் மூன்றாம் கட்டை என் பைக்குள் வைத்தார். மற்ற இரண்டையும் அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பாபநாசம் தாண்டும்போது சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வயல்களில் உளுந்து பிடுங்கி முடித்திருந்தார்கள். கயிற்றின் முடிச்சு இடக்கையால் அவிழ்க்க வரவில்லை. எதிரில் இருந்த சிறுமி அவிழ்த்துக் கொடுத்தாள்.